முதல் வேலை, தனி அறை, மாதச் சம்பளம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: துவைத்துக் காயவைத்த துண்டு நன்றாகத்தான் இருக்கிறது. குளித்துவிட்டு ஒருமுறை துடைத்தால் போதும், முடைநாற்றம் கிளம்பிவிடுகிறது. சோப்புத்தூளை இரண்டு மடங்காக்கினேன். கடைசி அலசலில் துணிக்கான வாசனைத் திரவமும் ஊற்றினேன். நாற்றம் கூடியதே தவிரக் குறையவில்லை. தூக்கிப் போடுவதுதான் வழியா?

பதில்: தூக்கிப் போட வேண்டாம். நீங்கள் செய்த இரண்டு வைத்தியமும் சேர்ந்துதான் நோயை வளர்த்திருக்கின்றன. அளவுக்கு மேல் போட்ட சோப்பு முழுதாக அலசப்படாமல் நூலிழைகளுக்குள் தங்கிவிடும். உடலின் எண்ணெய்ப் பசையும் செத்த தோலும் அதில் ஒட்டிக்கொள்ளும். மேலே வாசனைத் திரவம் மெழுகுபோல் ஒரு பூச்சு பூசிவிடுவதால் தண்ணீர் உள்ளே போகாது. துண்டும் ஈரத்தை உறிஞ்சாது. அதற்குள் வாழ்வது மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா. அறைக்குள் காயும் துணியின் நாற்றத்துக்கு இதுவே முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினார்கள். காய்ந்தாலும் இது சாகாது. அதனால்தான் காய்ந்த துண்டில் வாடை இல்லை, ஈரம் பட்டதும் வருகிறது.

முதலில் ஒரு சோதனை. துண்டை சோப்பே போடாமல் சூடான தண்ணீரில் முக்கிக் கசக்குங்கள். நுரை வந்தால் அது பழைய சோப்பு. நுரை நிற்கும்வரை அலசுங்கள். பிறகு கொதித்த நீர் ஒரு பங்கு, குழாய் நீர் ஒரு பங்கு கலந்தால் ஏறத்தாழ 60 டிகிரி வெப்பம் கிடைக்கும். அதில் சோடியம் பெர்கார்பனேட் உள்ள ஆக்சிஜன் ப்ளீச்சைப் பாக்கெட்டில் போட்டுள்ள அளவுக்குக் கரைத்து, துண்டை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வழக்கம்போல் துவையுங்கள். குச்சியால் கிளறுங்கள், கையை விட வேண்டாம். பருத்திக்கு இது சரி. கம்பளி, பட்டு இரண்டையும் இதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. குளோரின் ப்ளீச்சோடு வினிகரையோ, அம்மோனியா உள்ள கழிவறைத் திரவத்தையோ கலக்காதீர்கள். விஷவாயு கிளம்பும், சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

இனிமேல் துவைக்கும்போது, பாக்கெட்டில் உள்ள அளவு முழு இயந்திரத் துணிக்கானது என்பதை நினைவில் வையுங்கள். நான்கு துணிக்கு அதில் பாதிகூட வேண்டாம். துண்டுக்கு வாசனைத் திரவம் கூடவே கூடாது. அதனால் லாபம் அதை விற்பவருக்குத்தான். துவைத்து முடித்த துணியை இரவெல்லாம் இயந்திரத்துக்குள் விட்டுவிட்டுக் காலையில் எடுப்பவர்கள் இதையெல்லாம் செய்தும் பயனில்லை. முன்பக்கக் கதவுள்ள இயந்திரமானால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை விரித்துப் பாருங்கள். கறுப்பாகப் படிந்திருந்தால் நாற்றத்தின் பிறப்பிடம் அதுதான். துடைத்துவிட்டு, துவைக்காத நேரத்தில் கதவைத் திறந்தே வையுங்கள்.

கேள்வி: மடிக்கணினி வாங்க 12,000 கடன் எடுக்கப் போகிறேன். ஓரிடத்தில் ஆண்டு வட்டி 10 சதவீதம், இன்னோரிடத்தில் 16 சதவீதம். 10 சதவீதத்தை எடுக்க வேண்டியதுதானே? நண்பர் மட்டும் “கையெழுத்துப் போடாதே, பொறு” என்கிறார்.

பதில்: நண்பர் சொல்வதைக் கேளுங்கள். அந்த 10 சதவீதம் ‘ஃபிளாட்’ வட்டியா (வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை போடுவது), குறையும் நிலுவைக்கான வட்டியா (கட்டியதுபோக மீதிக்கு மட்டும் போடுவது) என்று கேட்டீர்களா? விளம்பரத்தில் பெரிய எழுத்தில் நிற்கும் சின்ன எண் பெரும்பாலும் ஃபிளாட் வட்டியாகத்தான் இருக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12,000-க்கு 10 சதவீத ஃபிளாட் என்றால் ஓராண்டு வட்டி 1,200. மாதத் தவணை 1,000 அசலும் 100 வட்டியுமாக 1,100. ஆனால் 12,000 முழுதும் உங்களிடம் இருப்பது முதல் மாதம் மட்டும்தான். அடுத்த மாதம் 11,000, அதற்கடுத்து 10,000 என்று குறைந்து கடைசி மாதத்தில் 1,000-தான் நிலுவை. பன்னிரண்டு மாதத்தையும் கூட்டி வகுத்தால் சராசரியாக உங்களிடம் இருந்த கடன் 6,500. அதற்கு 1,200 வட்டி என்றால் 18 சதவீதத்துக்குச் சற்று மேல். துல்லியமாகப் போட்டால் மாதம் 1.5, ஆண்டுக்கு 18 சதவீதம் வரும். இன்னோரிடத்தின் 16 குறையும் நிலுவைக்கானது என்றால் அதுவே மலிவு.

இதோடு முடியவில்லை. ‘செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம்’ என்று முன்கூட்டியே 240-ஐப் பிடித்துக்கொண்டால் உங்கள் கைக்கு வருவது 11,760. தவணை மட்டும் அதே 1,100. இப்போது உண்மையான வட்டி 22 சதவீதத்தை ஒட்டி நிற்கும். கட்டாயக் காப்பீடு என்று ஏதாவது சேர்த்தால் இன்னும் ஏறும்.

எந்தக் கடனையும் ஒப்பிட, எக்செல் போன்ற விரிதாளில் ‘ரேட்’ (RATE) என்ற சூத்திரம் இருக்கிறது. தவணைகளின் எண்ணிக்கை, தவணைத் தொகை (மைனஸ் குறியோடு), கையில் உண்மையாக வரும் தொகை என்ற வரிசையில் மூன்றையும் கொடுங்கள். கிடைப்பது மாத வட்டி, 12-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். விற்பனையாளரிடம் வட்டி எவ்வளவு என்று கேட்பதைவிட, “கையில் எவ்வளவு வரும், மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், முன்கூட்டியே அடைத்தால் அபராதம் எவ்வளவு” என்று கேட்பது மேல். இந்த நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் மேலே பேச ஒன்றுமில்லை.

கேள்வி: கிரெடிட் கார்டில் ‘குறைந்தபட்சத் தொகை’யைத் தவறாமல் கட்டுகிறேன். கடன் குறைவதே இல்லையே?

பதில்: எப்படிக் குறையும்? நிலுவை 50,000, மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கட்டும் 2,500-இல் 1,500 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 1,000. மாதம் 3 சதவீதம் என்பது கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 42 சதவீதத்துக்கும் மேல். பழைய நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாத நாட்கள் பெரும்பாலும் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்த அட்டையைக் கைப்பேசியிலிருந்தும் இணையக் கடைகளிலிருந்தும் நீக்கிவிட்டு, நிலுவையை வட்டி குறைந்த தனிநபர் கடனாக மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள். மாற்றியபின் அட்டையை மறுபடி தேய்த்தால் கடன் இரண்டாகிவிடும்; பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: அண்ணன் தொழில் கடன் வாங்குகிறார். என்னை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார். “சும்மா ஒரு கையெழுத்துதானேம்மா” என்கிறார் அப்பா. மறுத்தால் வீட்டில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

பதில்: சும்மா கையெழுத்து என்று ஒன்று கடன் பத்திரத்தில் கிடையாது. அண்ணன் கட்டாவிட்டால் வட்டி, அபராதத்தோடு முழுத் தொகைக்கும் நீங்கள் பொறுப்பு. பெரும்பாலான ஒப்பந்தங்களில், கடன் கொடுத்தவர் அண்ணனைத் துரத்திக் களைத்தபிறகுதான் உங்களிடம் வர வேண்டும் என்பதில்லை; நேராகவே வரலாம். நாளை நீங்கள் வீட்டுக் கடன் கேட்கும்போது இந்த ஜாமீனும் உங்கள் கணக்கில் பார்க்கப்படும்.

பத்திரத்தை வாங்கி இரண்டு இடங்களைப் படியுங்கள். ஒன்று, ஜாமீன் தொகைக்கு உச்சவரம்பு இருக்கிறதா. இரண்டு, அது ‘தொடர் ஜாமீனா’. தொடர் ஜாமீன் என்றால், அண்ணன் அதே இடத்தில் பின்னால் வாங்கும் கடனுக்கும் உங்கள் கையெழுத்து நீளும். உச்சவரம்பு இல்லாத தொடர் ஜாமீனில் யாருக்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள், உடன்பிறந்தவரானாலும்.

மறுப்பதாக இருந்தால் அப்பா முன்னால் வேண்டாம்; அண்ணனிடம் தனியாகப் பேசுங்கள். சபையில் மறுப்பது அவருக்கு அவமானம், தனியாகச் சொன்னால் அது கணக்கு. “அண்ணா, ஜாமீன் போட்டா என் சம்பளம் தாங்காது. இவ்வளவு பணம் தர்றேன், திரும்ப வரலைன்னாலும் கேட்க மாட்டேன்” என்று, போனாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையைச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவது என்றே முடிவானால், கடன் கணக்கின் மாத அறிக்கை உங்கள் மின்னஞ்சலுக்கும் வர ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இரண்டாவது தவணை தவறியபின் தெரிவதைவிட முதல் தவணையிலேயே தெரிவது நல்லது.

கேள்வி: வாரம் மாற்றி வாரம் இரவுப் பணி. காலையில் வந்து படுத்தால் மூன்று மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது. அம்மா, “பகல்ல என்ன தூக்கம்” என்று அறைக்குள் வந்து பேசுவார். தூக்க மாத்திரை எடுக்கலாமா?

பதில்: மாத்திரை மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. அதற்கு முன் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. உடலின் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். ஒரு வாரத்தில் அது இரவுப் பணிக்கு முழுதாகப் பழகாது. பழக்கவும் முயல வேண்டாம். தூக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். வந்ததும் நான்கு ஐந்து மணி நேரம், பணிக்குக் கிளம்புமுன் ஒன்றரை மணி நேரம். மூன்று மணி நேரத்தில் விழிப்பு வந்தால் இருட்டிலேயே கிடங்கள்; கைப்பேசியை எடுத்தால் அன்றைய தூக்கம் அவ்வளவுதான்.

காபியின் காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அதிகாலை நான்கு மணிக்குக் குடித்தது ஒன்பது மணிக்குப் படுக்கும்போதும் பாதி வேலை செய்துகொண்டிருக்கும். பணியின் முதல் பாதியோடு காபியை நிறுத்துங்கள். வீடு திரும்பும்போது கண்ணில் படும் காலை வெயிலும் கடிகாரத்தை ‘பகல்’ என்று திருப்பிவிடும். பேருந்திலோ ரயிலிலோ வந்தால் கறுப்புக் கண்ணாடி போடலாம். வண்டியை நீங்களே ஓட்டி வருவதானால் பிரச்சினை வேறு. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. பணியிடத்திலேயே 20 நிமிடம் கண்ணயர்ந்து, எழுந்தபின் மந்தம் தெளிய இன்னொரு கால் மணி நேரம் விட்டு, பிறகு கிளம்புங்கள்.

அம்மாவிடம் வாதாடிப் பயனில்லை. குளிர்பதனப் பெட்டியின் கதவில் அந்த மாதப் பணி அட்டவணையை ஒட்டி, தூங்கும் நேரத்தை மட்டும் சிவப்பில் வட்டமிடுங்கள். கைப்பேசியை ஒலியடக்கி, அம்மா, அப்பா, மேலாளர் மூவரின் எண்கள் மட்டும் ஒலிக்கும்படி வையுங்கள். அவசரம் என்றால் எழுப்பலாம் என்று தெரிந்தால் அம்மா மற்ற நேரம் எழுப்ப மாட்டார்.

கேள்வி: அறையில் ஒரே ஒரு பிளக்பாயின்ட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தண்ணீர்க் கெட்டில், இஸ்திரிப்பெட்டி, மடிக்கணினி எல்லாம் ஓடுகின்றன. சில நேரம் மீன் கருகியதுபோல் வாடை வருகிறது. எங்கிருந்து?

பதில்: அந்தப் பெட்டியிலிருந்துதான். சூடேறும் பிளாஸ்டிக் பாகங்கள் அப்படித்தான் நாறும். இன்றே கழற்றி வீசுங்கள். சுவர்ப் பிளக்கும் கறுத்திருந்தால் மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர்: 230 வோல்ட்டில் 1,500 வாட் கெட்டில் 6.5, 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி 4.3, சேர்த்து 10.8. உங்கள் பெட்டியின் அடியில் 6 அல்லது 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். சூடாக்கும் சாதனம் எதுவும் நேராகச் சுவரில், ஒரு நேரத்தில் ஒன்று. புதுப் பெட்டி வாங்கினாலும் ஒயரைச் சுருட்டியபடி ஓட்டாதீர்கள். சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும்.

கேள்வி: வேறு வேலை கிடைத்துவிட்டது. ராஜினாமாக் கடிதம் கொடுக்குமுன் கவனிக்க வேண்டியவை?

பதில்: புது இடத்தின் பணி நியமனக் கடிதம் எழுத்தில், சேரும் தேதியோடு கையில் வராதவரை வாயைத் திறக்காதீர்கள். தொலைபேசியில் சொன்ன “கன்ஃபர்ம்” கணக்கில் சேராது. பிறகு பழைய ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம், திருப்பிக் கட்ட வேண்டிய பயிற்சிச் செலவு அல்லது சேர்ப்பு ஊக்கத்தொகை, மீதி விடுப்புக்குப் பணம் உண்டா என்ற மூன்றையும் பாருங்கள். சம்பளச் சீட்டுகளையும் வரி ஆவணங்களையும் கடிதம் கொடுக்கும் முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் கடிதம் கொடுத்த அன்றே உள்நுழைவு முடங்கிவிடும். நிறுவனத்தின் கோப்புகளை மட்டும் தொடாதீர்கள், நீங்களே தயாரித்ததானாலும் அது அவர்களுடையது.

பலர் மறப்பது இன்னொன்று. வங்கி, காப்பீடு, சமூக ஊடகக் கணக்குகள் அலுவலக மின்னஞ்சலிலோ அலுவலக சிம்மிலோ பதிவாகியிருந்தால், ஒருமுறைக் கடவுச்சொல் போய்ச் சேரும் இடம் நீங்கள் இல்லாத இடமாகிவிடும். கடிதம் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொன்றாக மாற்றி, மாறிய எண்ணுக்குக் கடவுச்சொல் வருகிறதா என்று ஒருமுறை உள்நுழைந்து பார்த்துவிடுங்கள்.