முதல் பட்டதாரி யார்?

வணக்கம் மேடம்,

நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். கவுன்சலிங் சமயத்தில் அப்பா எனக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கினார். அதனால் கட்டணத்தில் வருடத்துக்கு 25,000 ரூபாய் குறைகிறது. ஆனால் என் அக்கா பி.காம். முடித்தவள். வீட்டில் பட்டதாரி யாருமே இல்லை என்று கூட்டு உறுதிமொழியில் அப்பாவோடு நானும் கையெழுத்துப் போட்டேன். "ரேஷன் கார்டுலயே அவ பேர் இல்ல, யார் கேட்கப் போறா?" என்றார். கடைக்காரர் சில்லறை கூடத் தந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லும் அப்பா!

என் நண்பன் உண்மையைச் சொல்லிவிட்டு, கடன் வாங்கிக் கட்டுகிறான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பாவைக் கேட்டால் "உனக்காகத்தானே" என்கிறார். என் பெயரில் ஏன் பொய் சொல்ல வேண்டும்? (அக்கா வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து வீட்டில் அவள் பேச்சே கிடையாது. அவள் கூப்பிட்டால் நானும் ஃபோனை எடுப்பதில்லை. எடுத்து என்ன சொல்வது?) நேர்மையான அப்பா எப்படி இப்படி மாறினார்? புகார் கொடுக்கலாமா?

தம்பி,

பணம், நண்பன், சில்லறை என்று எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டு, அக்காவை மட்டும் அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டீர்கள். உங்களை அரிப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்பா திடீரென்று மாறவில்லை. அக்கா போன அன்றே, அப்படி ஒரு மகளே இல்லை என்று முடிவுகட்டிவிட்டார். தாசில்தார் அலுவலகத்துக்குப் போனதெல்லாம் அதற்கு அப்புறம்தான். வெறும் பணத்தாசை என்று நினைத்தால் அவரை உங்களால் புரிந்துகொள்ளவே முடியாது. அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகளுக்காக 2010-ல் வந்த சலுகை அது. உங்கள் வீட்டின் முதல் பட்டதாரி உங்கள் அக்கா.

இன்னொன்று சொல்கிறேன், வலிக்கும். கையெழுத்து, அப்பா நீட்டிய தாளில் சின்ன வயதில் போட்டது. ஃபோனை எடுக்காதது அப்படியல்ல, அது உங்கள் முடிவு. அப்பா மேல் புகார் கொடுக்கலாமா என்று யோசிக்கிற நீங்கள், அக்காவிடம் ஒரு வார்த்தை பேச யோசிக்கவில்லையே!

முதலில் அவளிடம் பேசுங்கள். சான்றிதழ் விஷயத்தையும் சொல்லிவிடுங்கள். அப்புறம் அப்பாவிடம், சலுகை வேண்டாம் என்று கல்லூரியில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொல்லுங்கள். அனுமதி கேட்காதீர்கள். வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொன்னால் அதற்கும் தயாராக இருங்கள். 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்பதில்லை. ஆனால் பெற்றோரில் ஒருவரின் கையெழுத்து வேண்டும், அதனால் சண்டை போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். கத்துவார். "அவ பேரை எடுக்காதே" என்பார். எடுங்கள்.