முதலில் படுக்கை, பிறகு ரிக்கெற்: பூங்காப் பயணக் கேள்வி-பதில்

இந்தமுறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஓகஸ்ட் விடுமுறையைப் பற்றியவை. "நல்ல இடமாக ஒன்று சொல்லுங்கள் அண்ணை" என்று ஒற்றை வரியில் எழுதியவர்களுக்கு இங்கே பதில் இல்லை. எத்தனை பேர், பிள்ளைகளுக்கு என்ன வயது, எந்த மாதம் என்று எழுதாமல் கேட்டால் நான் சாத்திரம் பார்த்தா சொல்வது? அடுத்தமுறை இந்த மூன்றையும் எழுதுங்கள்.

பிள்ளைகளுக்கு ஆறு, ஒன்பது வயது. லெஷர் வேர்ல்டா, பேர்ல் பேயா? வெள்ளவத்தையில் தங்கினால் சரிதானே? (கிளிநொச்சி)

இரண்டும் கொழும்பைச் சுற்றியுள்ள பூங்காக்கள். தண்ணீர்தான் முக்கியம் என்றால் பண்டாரகமையில் இருக்கும் பேர்ல் பே. கோ-கார்ட் என்கிற சின்னப் பந்தயக் கார் ஓட்டமும் அங்கே உண்டு. ஆனால் ஆறு வயதுக்காரருக்கு அதை ஆசைகாட்டிக் கூட்டிப் போகாதீர்கள், வாசலில் அழுகைதான் மிஞ்சும். தண்ணீரோடு ராட்டினங்களும் வேண்டும் என்றால் ஹன்வெல்ல, அவிசாவளைப் பக்கத்து லெஷர் வேர்ல்ட். ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

தங்குமிடத்துக்கு வருவோம். கொழும்பு என்றாலே நம் சனத்துக்கு வெள்ளவத்தை. தமிழ்ச் சாப்பாட்டுக் கடை, கோவில், நடக்கும் தூரத்தில் கடற்கரை என்று எல்லாம் இருக்கும், நானும் குறை சொல்லமாட்டேன். பேர்ல் பேக்கு அது பொருந்தும். காலி வீதியால் பாணந்துறை வரை போய் உள்ளே திரும்ப வேண்டும், எல்லாமாகச் சுமார் 30 கிலோமீற்றர். காலையில் கந்தோர்ச் சனம் எதிர்ப்பக்கமாக வருவதால் வீதியும் விடும்.

லெஷர் வேர்ல்டுக்கு வெள்ளவத்தை வீண் சுற்று. வன்னியிலிருந்து போகிற நீங்கள் கொழும்புக்குள் நுழையவே தேவையில்லை. குருநாகலில் அதிவேக வீதியில் ஏறி மீரிகமையில் இறங்குங்கள். பிறகு கண்டி வீதியால் கடவத்தை, அங்கே வெளிச்சுற்று அதிவேக வீதியில் ஏறிக் கடுவலையில் இறங்கினால் களனி ஆற்றங்கரை வீதி ஹன்வெல்லைக்குக் கொண்டுபோய் விடும். அந்தப் பக்கமே ஒரு விருந்தினர் விடுதியில் இரவு படுத்தெழும்பி, கதவு திறக்கிற நேரத்துக்கு உள்ளே போங்கள். முதல் இரண்டு மணித்தியாலத்தில் விளையாடுகிற விளையாட்டு, மத்தியானத்துக்குப் பிறகு வரிசையில் நிற்கிற நாலு மணித்தியாலத்துக்குச் சமம்.

புறப்படுவதற்கு முதல் நாள் பூங்காவுக்கு ஒரு கோல் எடுத்து, எந்த நாள் மூடுவார்கள் என்று கேளுங்கள். உயரம் காணாவிட்டால் சில ரைட்டில் ஏற்றமாட்டார்கள், அதனால் பிள்ளைகளின் உயரத்தையும் வீட்டுச் சுவரில் அளந்துவிட்டுப் போங்கள்.

என் மகனுக்கு ஒன்றரை வயது. எந்த ரைட்டில் ஏற்றலாம்? (மல்லாவி)

ஒன்றிலும் இல்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் உங்கள் கை பிடிக்குள் உட்கார்ந்திருக்கட்டும். அவருக்கு அது போதும்.

எங்கள் விளையாட்டுக் கழகத்தில் 45 பேர் பஸ் பிடித்துக் கொழும்புப் பக்கத்துப் பூங்காவுக்குப் போகிறோம். இரவு ஒன்பதுக்குப் புறப்பட்டால் விடிய அங்கே நிற்கலாம். பகல் முழுக்க விளையாடிவிட்டு இரவே திரும்பினால் லொட்ஜ் செலவு மிச்சம். இதைவிட மலிவான வழி உண்டா? (புதுக்குடியிருப்பு)

தம்பிமாரே, இந்தக் கடிதத்தை நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒவ்வொரு விடுமுறைக்கும் இதே கடிதம் வேறு வேறு ஊரிலிருந்து வருகிறது. ரியூசன் வகுப்பு எழுதும், சனசமூக நிலையம் எழுதும், பழைய மாணவர் சங்கம் எழுதும். எல்லாருக்கும் ஒரே கணக்கு: 45 பேரின் படுக்கைக் காசு மிச்சம். நாற்பத்தாறாவது ஆள் ஒருவர் பஸ்ஸில் இருக்கிறார். அவரை ஒருவரும் எண்ணுவதில்லை.

அவருடைய நாளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நீங்கள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டு இரவு ஒன்பதுக்கு ஏறுகிறீர்கள். அன்று பகல் அவர் படுத்திருக்கமாட்டார், வேறு ஹயர் ஓடியிருப்பார், இல்லாவிட்டால் பஸ்ஸுக்கு வேலை செய்திருப்பார். பிறகு 350 கிலோமீற்றருக்கு மேல் இருட்டில் ஓட்டம். "பகலில் பஸ்ஸுக்குள் நித்திரை கொள்வார்தானே" என்பீர்கள். வெயிலில், ஏசி நிறுத்திய பஸ்ஸுக்குள், மேல்மாகாணப் புழுக்கத்தில் நீங்கள் ஒரு மணித்தியாலம் படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதே மனிதர் மாலை ஆறுக்குத் திரும்பவும் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும்.

மனித உடம்புக்கு நித்திரை கூடுதலாக அமுக்குகிற நேரம் அதிகாலை இரண்டு முதல் ஐந்து வரை. உங்கள் திட்டப்படி திரும்பி வரும்போது அந்த நேரத்தில் பஸ் எங்கே நிற்கும்? ஓமந்தை தாண்டி, கனகராயன்குளம் தாண்டி, ஏ9 வீதியின் நேர்கோட்டில். நேரான வீதிதான் நித்திரைக்கு வசதி. அந்த இருட்டில் தார்ச் சூட்டுக்கு மாடுகள் நடுவீதியில் படுத்திருக்கும். தம்புள்ளை, ஹபரணைப் பக்கத்தால் வந்தால் யானையும் குறுக்கே வரும். பிளேன்ரீயும் வெற்றிலையும் கண்ணைத் திறந்து வைக்கும், மூளையைத் திறந்து வைக்காது. நித்திரைக்கு மருந்து நித்திரைதான்.

மலிவான வழி கேட்டீர்கள், சொல்கிறேன். விடிய நாலரைக்கு ஊரிலிருந்து வெளிக்கிடுங்கள். பின்னேரம் கொழும்பு. அன்று தெகிவளை மிருகக்காட்சிசாலைக்கு நேரம் போதாது என்றால் காலிமுகத்திடல், அதற்கு ரிக்கெற்றும் இல்லை. இரவுக்கு 45 பேருக்கும் தனித்தனி றூம் யார் கேட்டது? விடுமுறை நாளில் பாடசாலை மண்டபத்துக்கு அதிபரிடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்துக் கேட்கலாம், கல்யாண மண்டபமும் கேட்கலாம். பாயும் போர்வையும் பஸ்ஸின் கீழே ஏற்றுங்கள். மறுநாள் பூங்கா. அன்றிரவும் அங்கேயே படுத்து மூன்றாம் நாள் காலையில் திரும்புங்கள். மூன்று நாள் கட்டாது என்றால் பூங்காவிலிருந்து மூன்று மணிக்கே கிளம்பி, குருநாகலிலோ தம்புள்ளையிலோ இரவு தங்குங்கள். அதுவும் முடியாது என்றால் இரண்டு ட்ரைவர். இரண்டாவது ஆள் "எனக்கும் கொஞ்சம் ஓட்டத் தெரியும்" என்கிற கழகத் தலைவர் இல்லை, கனரக வாகன அனுமதிப்பத்திரம் உள்ள ஆள்.

எங்கே தங்கினாலும் ட்ரைவருக்கு மட்டும் காற்றாடியுள்ள தனி றூம். அந்த ஒரு றூம் காசை 45 ஆல் பிரித்தால் ஆளுக்கு ஒரு ஐஸ்கிறீம் விலை வராது. பஸ் பேசும்போது காப்புறுதி ஹயர் ஓட்டத்துக்கும் செல்லுமா என்று பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். "அதெல்லாம் இருக்கு" என்ற வாய்ப்பேச்சு பத்திரம் ஆகாது.

ஓகஸ்டில் கொழும்புப் பக்கத்துப் பூங்காக்களில் மழை பெய்யுமா? (செட்டிகுளம்)

பெய்யலாம். நமக்குக் கிணறு வற்றுகிற மாதத்திலும் அவிசாவளைப் பக்கம் பச்சையாகத்தான் கிடக்கும். ஆனால் மே, ஜூன் அளவுக்கு மோசமில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மழையைவிடப் பின்னேர இடிதான் தொல்லை. மின்னல் கண்டால் எல்லாரையும் குளத்தைவிட்டு ஏற்றிவிடுவார்கள், காசும் பெரும்பாலும் திரும்பி வராது. அதற்காகத்தான் காலையிலேயே உள்ளே போகச் சொல்கிறேன்.

சுடிதாரோடு தண்ணீரில் இறங்க விடுவார்களா? அம்மாவுக்குச் சேலைதான் பழக்கம். (நெடுங்கேணி)

விடமாட்டார்கள், விடவும் கூடாது. பருத்தித் துணி தண்ணீரைக் குடித்துப் பாரமாகும், நூல் கழன்று வடிகட்டியை அடைக்கும். சால்வை சறுக்கில் கொளுவினால் கழுத்தில் முடியும். ஜீன்ஸ் போட்டு வருகிற தம்பிமாருக்கும் இதே பதில்தான், அந்த இரும்பு சிப் சறுக்கைக் கீறும். நைலோன் அல்லது லைக்ராவில் கணுக்கால்வரை லெகிங்ஸ், நீளக்கை மேலாடை எல்லாம் கிடைக்கிறது, உடம்பு மூடித்தான் இருக்கும். வாசலில் வாடகைக்கு எடுப்பதைவிட வவுனியாவிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். அம்மா சேலையோடு கரையில் இருந்து பைகளைப் பார்க்கட்டும். ஆனால் அவருக்கும் ரிக்கெற் எடுக்க வேண்டி வரலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னைக்குப் போகிறோம். தங்கல் வளசரவாக்கத்தில் சித்தி வீட்டில். புது வொண்டர்லாவைக் காட்டச் சொல்லிப் பிள்ளைகள் கரைச்சல். (ஒட்டுசுட்டான்)

பலாலியில் ஏறினால் ஒன்றேகால் மணித்தியாலத்தில் சென்னை. சிறிய விமானம், பொதி நிறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். காங்கேசன்துறைக் கப்பலில் போக நினைத்தால், அது நாகப்பட்டினத்தில் இறக்கும். அங்கிருந்து சென்னை 300 கிலோமீற்றர், கடல் குழம்பினால் கப்பலும் ஓடாது.

வொண்டர்லா 2025 டிசம்பரில்தான் திறந்தது, திருப்போரூர்ப் பக்கம். சித்தி வீட்டிலிருந்து 40 கிலோமீற்றருக்கு மேல், அதுவும் சென்னை நெரிசலில். அதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் முதல் நாள் இரவு கேளம்பாக்கம் பக்கமோ கோவளம் பக்கமோ ஒரு றூம் எடுங்கள். சித்தி கோபிப்பார், பரவாயில்லை, திரும்பி வந்து மூன்று நாள் இருங்கள். றூம் எடுக்க மனமில்லை என்றால் செம்பரம்பாக்கம் குயின்ஸ்லாண்ட். வளசரவாக்கத்திலிருந்து 20 கிலோமீற்றருக்குள் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற விஜிபி, எம்ஜிஎம் இரண்டும் உங்களுக்குத் தூரம்.

ஏப்ரல், மேயில் போகாதீர்கள். அங்கே பள்ளி விடுமுறை, வெயிலும் ஆளை வாட்டும். உடுப்பு விடயம் மேலே நெடுங்கேணிக்குச் சொன்னதுதான்: பருத்தி வேண்டாம்.

சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்ரூடியோ பார்க்க செந்தோசாவிலேயே தங்க வேண்டுமா? (வவுனியா)

தேவையில்லை. தீவுக்குள் தங்குவது காசு கூடினவர்களுக்கு. லிட்டில் இந்தியா, ஃபாரர் பார்க் பக்கம் சின்ன ஹொட்டேல் எடுங்கள், இட்லியும் தோசையும் காலடியில். அங்கேயே ஊதா வழித்தட ரயிலில் ஏறினால் மாறாமல் ஹார்பர்ஃபிரன்ட். மேலே விவோசிட்டி மூன்றாம் மாடியில் செந்தோசா எக்ஸ்பிரஸ், ஆளுக்கு நாலு டொலர். திரும்பி வரக் காசில்லை. நடக்க முடிந்தவர்கள் கடல்மேல் நடைபாதையால் சும்மாவே போகலாம். இங்கேயும் உயரம் அளப்பார்கள், ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் ரைட்டுக்கு 102 சென்ரிமீற்றர். விசா வேண்டாம் என்பதற்காக வெறுங்கையோடு போகாதீர்கள். வருகை அட்டையைப் போவதற்கு முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும்.

விமானம் விடியப்புறம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நாள் நீர்கொழும்பில் படுங்கள். வவுனியாவிலிருந்து இரவோடு இரவாக வான் பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையம் போவதைப் பற்றி என் கருத்தைப் புதுக்குடியிருப்புப் பதிலில் படியுங்கள்.

தம்பி பாரிஸில், லா கூர்நேவில் இருக்கிறான். டிஸ்னிலாண்ட் பார்க்க அங்கேயே ஹொட்டேல் போடச் சொல்கிறார்கள். பேரப்பிள்ளையோடு போகிறேன். (பரந்தன்)

அக்கா, ஒரு நாள் பார்க்கிறதுக்கு ஹொட்டேல் வேண்டாம். தம்பி வீட்டிலிருந்து ஆர்இஆர் பி ரயிலில் சாத்தலே, அங்கே ஏ ரயிலுக்கு மாறினால் கடைசித் தரிப்பு மார்ன்-லா-வலே செஸி. இறங்கினால் வாசல். ஏ ரயிலில் ஏறும்போது பலகையில் செஸி என்று எரிகிறதா என்று பாருங்கள், அந்த ரயில் வேறு கிளைக்கும் போகும். டிஸ்னிலாண்டில் உள்ள இரண்டு பூங்காவையும் பார்க்க ஆசை என்றால் மட்டும் ஓர் இரவு தங்கலாம். அப்போதும் டிஸ்னி ஹொட்டேல்தான் என்றில்லை, ஒரு தரிப்பு முந்திய வால் டுரோப்பில் விலை குறையும்.

ரிக்கெற்றுக்குத் திகதி உண்டு, முன்கூட்டியே வாங்கினால் மலிவு. மூன்று வயதுக்குக் கீழ் காசில்லை. இன்னொன்று: தம்பிக்கு வேலை நாள் எது, லீவு நாள் எது என்று கேட்டுத் திகதி போடுங்கள். அங்கே நம் பிள்ளைகள் இரவு வேலை முடித்து, நித்திரையில்லாமல் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு திரிகிறார்கள். சொந்தக்காரர் வீடு வாடகையில்லாத ஹொட்டேல் கிடையாது.

பெப்ரவரியில் கனடா போகிறோம். வொண்டர்லாண்டுக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம்? (முள்ளியவளை)

ஒரு நாளும் வேண்டாம். பெப்ரவரியில் பூட்டு. மே பிறந்த பிறகு கேளுங்கள்.

முகநூலில் கொழும்பு அனெக்ஸ் ஒன்று மலிவாக இருக்கிறது. முழுக்காசையும் முதலே போடச் சொல்கிறார். (மாங்குளம்)

போடாதீர்கள். வீடியோ கோலில் வீட்டையும் வாசல் இலக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். காட்டினால் ஒரு இரவுக் காசுக்குமேல் முற்பணம் வேண்டாம். வான் நிறுத்த இடமும் ட்ரைவருக்குப் படுக்கையும் உண்டா என்று அதே கோலில் கேளுங்கள்.

புட்டும் மீன் பொரியலும் கட்டிக்கொண்டு போகலாமா? (தருமபுரம்)

பூங்காவுக்குள் பெரும்பாலும் விடமாட்டார்கள், வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். வழியில் காலைச் சாப்பாட்டுக்குக் கட்டுங்கள். மீன் பொரியலை மத்தியானம் வரை வானுக்குள் வைத்திருக்காதீர்கள்.