சிறுகுடல் சுருக்கம் என்றால் காசநோய்தானா?

"அப்பாவுக்குச் சிறுகுடலில் சுருக்கம் என்று ஸ்கேனில் வந்திருக்கிறது, டிபி மாத்திரை ஆரம்பிக்கச் சொல்கிறார்கள், ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. எங்கள் பெரியப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மன்னார்குடிப் பக்கம் விவசாயம். ஒரு சம்பா அறுப்பு சமயம், சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிற்றை முறுக்கிப் பிடிக்கும். கடமுடவென்று சத்தம் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கே கேட்கும். வாந்தி எடுத்தால் அடங்கும். வாயு என்று ஓமத்தண்ணீரிலேயே இரண்டு மாதம் போனது. நீராகாரம் இறங்குகிறது, சோறும் கீரையும்தான் சிக்குகிறது என்று அவரே கண்டுபிடித்துக் கஞ்சிக்கு மாறிவிட்டார். மதகில் ஆகாயத்தாமரை அடைத்தால் தண்ணீர் மட்டும் கசியுமே, அந்தக் கதைதான்.

சுருக்கம் என்றதும் நம் ஊரில் முதலில் காசநோயை நினைப்பதில் தப்பில்லை. குரோன் நோய் (நாள்பட்ட குடல் அழற்சி), லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) எல்லாம் அப்புறம். எனக்கு ஆற்றாமை, சதை எடுத்துப் பார்க்காமலேயே மாத்திரை கொடுத்ததில்தான். நான்கு மாதம் அந்த மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது, வலி போகவில்லை. ஒரு நாள் ராத்திரி முழு அடைப்பு. தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு சாண் குடலை வெட்டி, முனைகளைச் சேர்த்துத் தைத்தார்கள்.

வெட்டியதைப் பரிசோதித்ததில் வந்த பெயர் பிளாஸ்மாசைட்டோமா. (தானம் செய்கிற ரத்தப் பிளாஸ்மா வேறு, இது வேறு.) நோய் எதிர்ப்புப் புரதம் செய்கிற பிளாஸ்மா செல்கள் கட்டுமீறிப் பெருகிக் கட்டியாவது. மஜ்ஜைக்கு வெளியே இது வந்தால் சுமார் 80 சதவீதம் மூக்கு, தொண்டைப் பக்கம்தான் வரும்; சிறுகுடலில் அபூர்வம். கதிர்வீச்சுக்கு நன்றாகக் கரைகிற கட்டிதான், ஆனால் அடைத்துக்கொண்ட குடலுக்குக் கத்திதான் வழி. பிறகு மஜ்ஜைப் பரிசோதனை, ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கிற எலக்ட்ரோஃபோரசிஸ், உடம்பு முழுக்கப் பார்க்கிற பெட் ஸ்கேன். இதே செல்கள் மஜ்ஜையில் பெருகி உடம்பெங்கும் பரவும் மல்டிபிள் மைலோமா என்கிற புற்றுநோயின் பகுதியா, தனிக்கட்டியா என்று பார்க்க. அவருக்குத் தனிக்கட்டி.

அதனால் பயாப்ஸி (சதை எடுத்துப் பரிசோதிப்பது) எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். சிறுகுடலின் நடுப்பகுதிக்கு வழக்கமான எண்டோஸ்கோப்பி எட்டாது, இன்னும் ஆழமாகப் போகிற என்டரோஸ்கோப்பி வேண்டும். அந்த வசதி எங்கே இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள். மாத்திரை ஆரம்பித்துவிட்டால் நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில் மாற்றம் இல்லையென்றால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். வாந்தி நிற்காமல், காற்றும் பிரியாமல் வயிறு உப்பினால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.

பின்னாளில் மைலோமாவாக மாறவும் கூடும் என்பதால் பெரியப்பா ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கிறார். இதுவரை தொந்தரவில்லை. கீரையைத்தான் இன்னும் தொடமாட்டேன் என்கிறார்.