பயிற்சி ஹெலிகாப்டர் விபத்து: சேரும்போது போட்ட கையெழுத்து உரிமையைப் பறித்துவிடுமா?

கேள்வி: என் மகன் கலிபோர்னியாவில் ஹெலிகாப்டர் பைலட் பயிற்சி பெற்று வந்தான். மூன்று மாதத்துக்கு முன், இன்ஜின் நின்றால் எப்படி இறங்குவது என்று பழக்குவதற்காகப் பயிற்றுநர் திடீரென த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மூடியிருக்கிறார். திரும்பத் திறந்தபோது இன்ஜின் எடுக்கவில்லை. ஆர்22 என்ற அந்தச் சிறு ஹெலிகாப்டர் தரையில் மோதி, மகனுக்கு முதுகெலும்பு முறிந்தது. “ஆபத்தை ஏற்கிறேன் என்று சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்கிறான், இன்ஜினிலும் கோளாறு இல்லை” என்கிறது பள்ளி. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் மீதிக் கட்டணத்தைத் தருவார்களாம். போடலாமா?
– ஒரு தந்தை, காரைக்குடி

பதில்: போட வேண்டாம் ஐயா. கட்டணத்துக்கான ரசீது போலத் தெரியும் தாளில், இனி எந்த இழப்பீடும் கேட்க மாட்டேன் என்ற வாசகம் இருக்க வாய்ப்பு அதிகம். ‘சிவில் சட்டம் 1542-ஆம் பிரிவின் உரிமையைக் கைவிடுகிறேன்’ என்று ஒரு வரி இருந்தால், இன்று தெரியாமல் பின்னால் தெரியவரும் பாதிப்புக்கும் சேர்த்து விட்டுக்கொடுப்பதாகப் பொருள். முதுகெலும்புக் காயத்தின் முழு விளைவு மூன்று மாதத்தில் தெரிந்துவிடாது.

சேரும்போது போட்ட கையெழுத்து வேறு விஷயம். சாதாரணக் கவனக்குறைவுக்கு அத்தகைய படிவங்களைக் கலிபோர்னியா நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஏற்கின்றன. ஆனால் பெரும் அலட்சியத்துக்கு அது கவசமாகாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்திருக்கிறது. சட்ட விதியை மீறியதால் வரும் பொறுப்பிலிருந்து ஒப்பந்தம் போட்டுத் தப்ப முடியாது என வாதிட சிவில் சட்டம் 1668-ஆம் பிரிவு இடம் தருகிறது.

உங்கள் மகனின் வழக்கு இங்கேதான் வலுப்பெறும். ஆர்22-இன் சுழலிறக்கை எடை குறைந்தது. இன்ஜின் சக்தி போனதும் நொடிப்பொழுதில் கலெக்டிவை (இறக்கைகளின் கோணத்தை மாற்றும் நெம்புகோல்) இறக்காவிட்டால் சுற்று வேகம் விழுந்துவிடும். மாணவனை முன்கூட்டித் தயார்ப்படுத்தாமல் த்ராட்டிலை மூடுவது உயிருக்கே ஆபத்து என்று தயாரிப்பாளரே பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டிருக்கிறார். 1995 முதல் ஆர்22, ஆர்44 வகைகளுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. தனிப் பயிற்சி விதியும் வைத்திருக்கிறது. அந்தப் பயிற்றுநருக்கு அந்த விதிப்படி பயிற்சி தரலாம் என்ற தகுதிக் குறிப்பு இருந்ததா என்பதை முதலில் கேட்டுப் பெற வேண்டும்.

‘இன்ஜினில் கோளாறு இல்லை’ என்ற பேச்சுக்கும் மனம் தளர வேண்டாம். இந்த இன்ஜின், எரிபொருளைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் உள்ள வகை. காற்றில் ஈரம் இருந்தால் 20 டிகிரிக்கு மேலான வெப்பத்திலும் கார்புரேட்டருக்குள் பனி உறையும். த்ராட்டில் மூடிய நிலையில் இன்னும் எளிதாக உறையும். சோதிக்க ஆட்கள் வருவதற்குள் கரைந்தும் போகும். பனி உறையாமல் சூடான காற்றை அனுப்பும் கார்புரேட்டர் ஹீட்டைப் பயிற்றுநர் இயக்கினாரா என்பதே அப்போது கேள்வி. விபத்து நேரத்தில் அருகிலுள்ள விமான நிலையத்தில் பதிவான வெப்பநிலை, பனிநிலை (காற்றின் ஈரத்தைக் காட்டும் அளவு) விவரங்களைக் கையோடு எடுத்து வையுங்கள்.

அடுத்த அவசரம், உடைந்த ஹெலிகாப்டர். விபத்துகளை ஆராயும் அமெரிக்க அரசு அமைப்பான என்.டி.எஸ்.பி.யின் விசாரணை முடிந்ததும் அதை உரிமையாளரிடமே ஒப்படைத்துவிடுவார்கள். அதன்பின் பள்ளியோ காப்பீட்டு நிறுவனமோ பழைய இரும்பாக விற்றுவிட்டால் பெரிய சாட்சி போய்விடும். இன்ஜின், கார்புரேட்டர், பராமரிப்புப் பதிவேடு, கேமரா அல்லது ஜி.பி.எஸ். பதிவு எதையும் அழிக்கக் கூடாது என்று வழக்கறிஞர் மூலம் இந்த வாரமே கடிதம் போக வேண்டும். அரசு விசாரணையில் தயாரிப்பாளரின் ஆட்கள் பங்கேற்கலாம். பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே நம் தரப்பு நிபுணர் தனியாகச் சோதித்தாக வேண்டும். விபத்துக்கான காரணம் பற்றி என்.டி.எஸ்.பி. சொல்லும் முடிவை இழப்பீட்டு வழக்கில் சாட்சியமாக வைக்க முடியாது. அதன் ஆய்வாளர் திரட்டிய உண்மை விவரங்களைப் பயன்படுத்தலாம்.

பாகத்தில் குறை இருந்தது என்று தெரிந்தால் தயாரிப்பாளர் மீதும் வழக்குப் போடலாம். ஆனால் சிறு விமானங்களுக்கு 1994-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக 18 ஆண்டு வரம்பு வைத்திருக்கிறது; அதைத் தாண்டிய விமானத்துக்காகவோ பாகத்துக்காகவோ தயாரிப்பாளர் மீது வழக்குப் போடுவது கடினம். ஹெலிகாப்டரின் வயதையும், மாற்றிய பாகங்களின் தேதியையும் பாருங்கள்.

காயத்துக்கான வழக்குக்கு கலிபோர்னியாவில் கெடு இரண்டு ஆண்டு. அங்கு உரிமம் பெற்ற, விமான விபத்து வழக்குகளில் பழகிய வழக்கறிஞரை அமர்த்துங்கள். கிடைக்கும் தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பெறும் முறை அங்கே உண்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை காப்பீட்டு நிறுவனத்தார் கூப்பிட்டால் மகன் வாக்குமூலம் தர வேண்டாம்.

மாணவர் விசாவில் மருத்துவக் காரணத்துக்காகப் படிப்பைக் குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது. மருத்துவச் சான்றோடு பள்ளியின் விசா அலுவலரிடம் அதை உடனே எழுத்தில் கேளுங்கள். அந்த அனுமதிக்கும் அவர்கள் நீட்டும் தாளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.