லிங்க்கில் டைட்டில் தேவையா? வாசகர் கேள்வி பதில்

கே: வேலூர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் எங்கள் மாமாவின் லாட்ஜுக்கு நானே ஒரு வெப்சைட் செய்தேன். லிங்க் எல்லாவற்றுக்கும் டைட்டில் போட்டிருக்கிறேன், மவுஸை மேலே கொண்டுபோனால் சின்னப் பெட்டியில் விளக்கம் வரும். வாட்ஸ்அப் குரூப்பில் காட்டினால் ஒருவர், "இது வேஸ்ட், இதுகூடவா தெரியாது?" என்று கேட்டு, கூடவே ஏதோ ஒரு ஆங்கிலக் கட்டுரையின் லிங்க்கையும் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் சொல்வது சரியா? நான் என்ன பதில் போட?
(ஒரு வாசகர், காட்பாடி)

ப: அவர் சொன்ன விஷயம் சரி, சொன்ன விதம் தப்பு. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

உங்கள் லாட்ஜைத் தேடுகிறவர் யார்? மேற்கு வங்கத்திலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ அம்மாவை வைத்தியத்துக்கு அழைத்துக்கொண்டு ரயில் ஏறியவர். காட்பாடி வருவதற்குள் ஒரு ரூம் சொல்லிவிடலாம் என்று கையில் இருக்கும் போனில் பார்ப்பார். போனில் மவுஸ் ஏது? "வாடகைக்கு இங்கே" என்று எழுதி, அதில் "இங்கே" மட்டும் லிங்க்காக இருந்து, "ஒருவருக்கு, இருவருக்கு, சமையல் வசதியோடு" என்பதெல்லாம் டைட்டிலுக்குள் இருந்தால், அந்த விளக்கம் அவர் கண்ணில் படவே படாது. மவுஸ் பிடிக்க முடியாமல் டேப் பொத்தானால் நகர்கிறவருக்கும் பெரும்பாலும் இதே கதிதான்.

திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும், பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடரை நம்பலாமா என்றால், ஒன்று டைட்டிலைப் படிக்கும், இன்னொன்று படிக்காது, லிங்க்கில் உள்ளதையே டைட்டிலிலும் எழுதியிருந்தால் சில சமயம் இரண்டு தடவை படித்து உயிரை வாங்கும். சத்துவாச்சாரியில் இருக்கும் என் நண்பர் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை வைத்திருக்கிறார், இலவசமாகக் கிடைப்பதுதான். இன்சர்ட்டும் எஃப் 7-ம் சேர்த்து அழுத்தினால் வெப் பக்கத்தில் உள்ள லிங்க் எல்லாம் வரிசையாக வரும். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: "இங்கே, இங்கே, மேலும் படிக்க, இங்கே..." எதை அழுத்துவது என்று அவர் என்னிடம் கேட்டார், எனக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து நான் "இங்கே" என்று லிங்க் வைப்பதில்லை.

டைட்டிலை நம்பியிருக்க வேண்டாம் என்று வெப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் தர ஆவணமே சொல்கிறது. லிங்க் எங்கே கொண்டுபோகும் என்பது அதன் சொற்களிலிருந்தோ சுற்றியுள்ள வாக்கியத்திலிருந்தோ புரிய வேண்டும் என்பது வெப்சைட்டை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்காக 2008-ல் வந்த டபிள்யூசிஏஜி 2.0 விதிகளில் அடிப்படை நிலையிலேயே இருக்கிறது. ஆகவே "அறை வாடகை", "காட்பாடி ஸ்டேஷனிலிருந்து வரும் வழி" என்று லிங்க்கிலேயே எழுதுங்கள். பிடிஎஃப் என்றால் அதையும் அதன் அளவையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது அந்த மனிதர். "இதுகூடவா தெரியாது" என்ற வார்த்தை ஒரு ஆளைக் குரூப்பை விட்டே ஓட வைக்கும், அப்புறம் அவர் கேட்க நினைத்த அடுத்த நாலு கேள்வியும் உள்ளேயே செத்துப்போகும், எனக்கு அதுதான் வருத்தம். என்ன இருக்கிறது என்று ஒரு வரி சொல்லாமல் வெறும் லிங்க்கைப் போட்டதும் மரியாதை இல்லை. "டைட்டில் போனில் தெரியாது, மூன்றாவது பத்தியில் காரணம் இருக்கிறது" என்று எழுதியிருந்தால் உங்களுக்கு ஒரு ராத்திரி தூக்கம் மிஞ்சியிருக்கும். நீங்கள் அன்றைக்கே பதில் போடாதீர்கள். திருத்திவிட்டு, "நீங்கள் சொன்னது சரிதான், மாற்றிவிட்டேன், கொஞ்சம் விளக்கிச் சொல்லியிருந்தால் நேற்றே புரிந்திருக்கும்" என்று குரூப்பிலேயே எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு குரூப்பில் போட்டுப் புலம்புவது மட்டும் வேண்டாம்.

கே: அப்படியானால் டைட்டில் எங்கேயுமே வேண்டாமா?
(ஒரு வாசகி, குடியாத்தம்)

ப: வேண்டிய இடம் உண்டு. பக்கத்துக்குள் மேப்பையோ வீடியோவையோ ஐஃப்ரேமாக (வேறு பக்கத்தை உள்ளே காட்டும் பெட்டியாக) ஒட்டினால் அதற்கு டைட்டில் கட்டாயம் கொடுங்கள், ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் அந்தப் பெட்டியின் பெயராக எடுத்துக்கொள்ளும். படத்தையே லிங்க்காக வைத்திருந்தால் டைட்டில் போதாது, ஆல்ட், அதாவது படத்துக்குப் பதிலாகப் படிக்கப்படும் சொற்கள், எழுத வேண்டும். கோட்டைப் படத்தை அழுத்தினால் முகப்புக்குப் போகும் என்றால், ஆல்ட்டில் "வேலூர் கோட்டை" என்று எழுதாதீர்கள், "முகப்பு" என்று எழுதுங்கள்.