மறுக்கப்பட்ட விசாவுக்குப் பிறகு

வணக்கம் ஐயா,

நான் கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் டாலஸில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறாள். தை மாதம் அவளுக்குப் பிரசவம். சென்ற வாரம் நானும் என் கணவரும் சென்னையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு நேர்காணலுக்குச் சென்றோம். வீட்டுப் பத்திரம், வைப்புநிதிச் சான்று, ஓய்வூதிய ஆணை, மாப்பிள்ளையின் அழைப்புக் கடிதம் எல்லாவற்றையும் கோப்பில் அடுக்கி எடுத்துப் போயிருந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் மூன்று கேள்விகள் கேட்டார், கோப்பைத் திறக்கச் சொல்லவே இல்லை. பாஸ்போர்ட்டுகளையும் ஒரு தாளையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே வாரம், ஆஸ்டினில் உள்ள மகனைப் பார்க்கச் செல்லும் என் அக்காவுக்குப் பத்து வருட விசா கிடைத்திருக்கிறது. நாங்கள் செய்த தவறு என்ன? அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினருக்கு எழுதலாம் என்கிறார் மாப்பிள்ளை. எங்கள் ஊர் ஏஜென்ட்டோ, அடுத்த மாதமே மறுபடி விண்ணப்பிக்கலாம், முன்பு மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டுவிடலாம் என்கிறார். என் பெயரை வெளியிட வேண்டாம்.

— ஒரு வாசகி

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

கடைசியில் எழுதியதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்த ஏஜென்ட்டின் பேச்சைக் கேட்காதீர்கள். டிஎஸ்-160 என்னும் விசா விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கேள்வி இருப்பது தூதரகத்தாருக்கு விடை தெரியாததால் அல்ல. உங்கள் பத்து விரல் ரேகைகளும் சென்ற வாரத்து முடிவும் அவர்களுடைய கணினியில் இருக்கின்றன. உங்களுக்கு நேர்ந்த மறுப்பு அடுத்த விண்ணப்பத்தோடு மாறிவிடக்கூடியது. ஆனால் தெரிந்தே பொய் சொல்லி விசா பெற முயன்றதாக முடிவு செய்யப்பட்டால், அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 212ஆம் பிரிவு வாழ்நாள் தடை விதிக்கிறது. எனக்கும் ஒருமுறை ஒரு நாட்டின் விசா மறுக்கப்பட்டது. அதன் பிறகு நிரப்பிய எல்லாப் படிவங்களிலும் ‘ஆம்’ என்று எழுதி, எந்த ஆண்டு, என்ன காரணம் சொன்னார்கள் என்று ஒரு வரி சேர்த்து வருகிறேன். எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும் என்பதைத் தவிர வேறெந்தக் கெடுதலும் வந்ததில்லை.

இனி அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் எந்தப் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. 221 ஜி என்றிருந்தால் ஏதோ ஓர் ஆவணம் குறைகிறது அல்லது கூடுதல் பரிசீலனை நடக்கிறது என்று பொருள். இணையத்தில் ‘மறுக்கப்பட்டது’ என்றே காட்டினாலும் அந்த விண்ணப்பம் முற்றாக மூடப்படவில்லை. கேட்ட ஆவணத்தை ஓராண்டுக்குள் கொடுத்தால் புதிய கட்டணம் இல்லாமலேயே பரிசீலனை தொடரும். ஆனால் நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் 214 பி என்றுதான் தோன்றுகிறது.

1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் அந்தப் பிரிவு, சுற்றிப் பார்க்கவும் உறவினரைக் காணவும் வருகிற எவரையும், அவர் வேறுவிதமாக அதிகாரியின் மனம் ஒப்பும்படி நிறுவும் வரை, அங்கேயே தங்கிவிட வருபவராகத்தான் கருத வேண்டும் என்கிறது. நம் நீதிமன்றங்களில் குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி என்று கேட்டுப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தெரியும். நிரூபிக்கும் சுமை முழுவதும் உங்கள் தோளில், அதற்குக் கிடைக்கும் நேரமோ இரண்டு மூன்று நிமிடங்கள். ‘எனக்கு இந்தத் தொல்லையே இல்லையே’ என்று உங்கள் மகள் வியந்திருக்கக்கூடும். எச்-1பி விசாவுக்கு இந்த அனுமானத்திலிருந்து சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. மாப்பிள்ளையின் அழைப்புக் கடிதத்துக்கும் இதில் பெரிய இடமில்லை. விண்ணப்பிப்பவர் தம் சொந்த நாட்டில் தமக்குள்ள பிடிப்பைக் காட்டித்தான் தகுதி பெற வேண்டும். அங்கிருக்கும் உறவினர் தரும் உறுதிமொழி அதற்கு ஈடாகாது. ஆகவே தவறு என்ன என்று தேடி இரவுகளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் பொய்யர் என்றோ வசதியற்றவர் என்றோ அந்தத் தாள் சொல்லவில்லை. அன்று, அந்த அதிகாரிக்கு, அந்த அனுமானம் உடையவில்லை, அவ்வளவுதான். இதை நியாயம் என்று நான் வாதிட மாட்டேன். கோப்பைத் திறக்காமலேயே ஒரு குடும்பத்தின் பிடிப்பை எடைபோட முடியும் என்று நம்புகிற முறை எனக்கு உவப்பானதல்ல.

மேல்முறையீடு கிடையாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா மறுக்கப்பட்டால் அந்நாடுகளின் சட்டப்படி முறையிடும் உரிமை உண்டு, இங்கே அது இல்லை. தூதரக அதிகாரியின் விசா முடிவுக்குள் பொதுவாகத் தலையிடுவதில்லை என்பது அமெரிக்க நீதிமன்றங்களின் பழைய நிலைப்பாடு. எல் சால்வடோரைச் சேர்ந்த கணவருக்கு விசா மறுக்கப்பட்டதை எதிர்த்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மனைவி தொடுத்த முன்யோஸ் வழக்கிலும், 2024இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 6–3 என்ற பெரும்பான்மையில் அந்த மனைவிக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. மனைவிக்கே அதுதான் நிலை என்னும்போது, காங்கிரஸ் உறுப்பினரின் கடிதத்துக்குத் தூதரகம் மரியாதையாகப் பதில் எழுதுமே தவிர முடிவை மாற்றாது. மாப்பிள்ளை எழுத விரும்பினால் எழுதட்டும், நீங்கள் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

மறுபடி விண்ணப்பிக்கலாம். காத்திருப்புக் காலம் எதுவும் விதிக்கப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஆளுக்கு 185 டாலர், அது திரும்பி வராது. ஒன்றும் மாறாமல் அடுத்த மாதமே போய் நின்றால் அதே தாளோடு திரும்ப வேண்டியிருக்கும் என்பது என் கணிப்பு. முதலில் நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து, சென்ற படிவத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று வரிக்கு வரி படியுங்கள். ஏஜென்ட் நிரப்பிய படிவம் என்றால் இது மிக அவசியம். எத்தனை நாள் தங்குவீர்கள் என்று படிவம் சொல்வதும் நீங்கள் வாயால் சொன்னதும் வேறு வேறாக இருந்திருக்கலாம். அதிகாரி முடிவெடுப்பது பெரும்பாலும் அந்தப் படிவத்தையும் உங்கள் வாய்மொழியையும் கொண்டுதான். எப்போது போகிறோம், எப்போது திரும்புகிறோம், திரும்பி வந்து கவனிக்க இங்கே என்ன இருக்கிறது என்பதைத் தமிழிலேயே சுருக்கமாகச் சொல்லப் பழகுங்கள். பள்ளியில் வாய்மொழித் தேர்வு நடத்தியவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அக்காவின் விசாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹைதராபாத் அருகே சில்குர் பாலாஜி கோயிலில் விசா வேண்டி 11 முறை சுற்றுகிறவர்கள், கிடைத்த பிறகு மறுபடி வந்து 108 முறை சுற்ற வேண்டும். கிடைத்த பிறகுதான் வேலை அதிகம் என்று அந்தக் கணக்கு எனக்குச் சொல்வதுண்டு. பெயரிலும் பிறந்த தேதியிலும் பிழை இருக்கிறதா என்று அவரை இன்றே பார்க்கச் சொல்லுங்கள். பத்து வருடம் என்பது போய்வருவதற்கான காலம். ஒவ்வொரு பயணத்திலும் எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை அங்கே இறங்கும் விமான நிலையத்து அதிகாரிதான் ஐ-94 என்னும் வருகைப் பதிவில் குறிப்பார், வழக்கமாக ஆறு மாதம். அதைத் தாண்டித் தங்கினால் மீதி வருடங்களும் சேர்ந்தே செல்லாமல் போகும்.

ஆஸ்டினிலிருந்து டாலஸ் மூன்று மணி நேரக் கார்ப் பயணம். தையில் உங்களால் போக முடியாமல் போனால், பிரசவ லேகியத்தைக் கிளறி அக்காவின் பெட்டியில் கொடுத்தனுப்புங்கள். பெட்டியில் உணவுப்பொருள் இருக்கிறதா என்று சுங்கத்தில் கேட்பார்கள். இருக்கிறது என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.