அடிக்கடி விழும் எம்சிபி: 16-ஐ எடுத்துவிட்டு 32 போடலாமா?

கேள்வி: சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பு, ஓவன், தண்ணீர் ஹீட்டர் மூன்றும் சேர்ந்து ஓடினால் பத்து, பதினைந்து நிமிடத்தில் 16 ஆம்ப் எம்சிபி (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானாக அணையும் பிரேக்கர்) விழுந்துவிடுகிறது. "32 போட்டுட்டா தொல்லை தீர்ந்தது" என்கிறார் எலக்ட்ரீஷியன். போடலாமா?

பதில்: போடாதீர்கள். எம்சிபி காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. அடுப்பு 2000 வாட், ஓவன் 1500, ஹீட்டர் 1500 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 5000. 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 22 ஆம்ப். 16 ஆம்ப் பிரேக்கர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு விழுகிறது. அது கெட்டுப்போகவில்லை, ஒழுங்காக வேலை செய்கிறது. சுவிட்சைப் போட்ட நொடியே விழுந்தால்தான் ஷார்ட் சர்க்யூட்டைத் தேட வேண்டும்.

32 போட்டால்? 36 ஆம்ப் ஓடினாலும் ஒரு மணி நேரம் விழாமல் தாங்கும்படிதான் அதைத் தயாரிக்கிறார்கள். 16 ஆம்ப் சர்க்யூட்டில் வழக்கமாக இருப்பதோ 2.5 எம்எம் செம்பு வயர். பைப்புக்குள் சுமார் 20 ஆம்ப்தான் அதற்குப் பாதுகாப்பு. வயர் சூடேறி இன்சுலேஷன் இளகுவது சுவருக்குள் என்பதால் உங்கள் கண்ணுக்கே படாது.

"உங்க வயர் 4 எம்எம், தாங்கும்" என்பார்கள். பேனலிலிருந்து (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) கடைசி சாக்கெட் வரை உண்மையிலேயே 4 எம்எம் என்றால் 25 ஆம்ப் வரை யோசிக்கலாம். அப்போதும் 32 வேண்டாம். ஆனால் பேனலைத் திறந்து, வயர் மேல் அச்சிட்ட அளவைக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். ஒரு வீட்டில் பேனலில் 4 எம்எம் அழகாக வந்து நின்றது. வழியில் இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால், வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு. அதற்கு அந்தப் பக்கம் 1.5 எம்எம்! பேனல், ஜங்ஷன் பாக்ஸ், சாக்கெட் மூன்றையும் உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், விடாதீர்கள்.

எந்த பிரேக்கர் எந்த அறைக்கு, உள்ளே என்ன வயர் என்று வீட்டை ஒப்படைக்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன? வயரிங் செய்தவர்கள் கையெழுத்து மட்டும் போட்டு, பரிசோதனை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். பிறகு வீட்டுக்காரர் ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. மின்கசிவு பிரேக்கரான ஆர்சிசிபி விழுகிறது என்றால் அதை விட்டுவிட்டு வயரை நேராக இணைத்துவிடும் ஆட்களும் உண்டு. 30 மில்லிஆம்ப் கசிந்தாலே துண்டிக்கும் அந்தக் கருவிதான் ஷாக்கிலிருந்து உயிரைக் காப்பது. எம்சிபி அதைச் செய்யாது. அப்படிப்பட்டவரை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? ஹீட்டருக்குப் பேனலிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர் போடச் சொல்லுங்கள். அதுவரை ஹீட்டரை அணைத்துவிட்டு அடுப்பையும் ஓவனையும் ஓட்டுங்கள். 15 ஆம்ப் சுமாருக்குத்தான் வரும். அப்போதும் விழுந்தால் பிரேக்கரின் திருகு தளர்ந்திருக்கலாம். வயர் முனை பழுப்பேறி, கருகிய பிளாஸ்டிக் வாடை வரும். அதை நீங்களே முறுக்கப் போகாதீர்கள். மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகும், வெளியிலிருந்து அந்த ஸ்விட்சுக்குள் வரும் முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.